அலமாரிக் கதவில் பதினோரு வரி

சனிக்கிழமை மத்தியானங்களில் நான் போய் உட்காரும் கல்லூரிப் பட்டறையில் ஓர் இரும்பு அலமாரி உண்டு. அதன் கதவுக்கு உட்புறம் ஒரு சார்ட் தாள் ஒட்டியிருக்கிறது. கிட் வாங்கி ட்ரோன் கட்டுவது எப்படி என்று முன்னொரு செட் பிள்ளைகள் பதினோரு வரியில் எழுதிவைத்துவிட்டு, படிப்பு முடிந்து போய்விட்டார்கள். நீல மையில் பத்து வரி. நடுவே சிவப்பு மையில் ஒன்று, அதன் கையெழுத்தும் வேறு. ஓரிடத்தில் பென்சில் சேர்க்கை. போன மாதம் சென்னை ரிச்சி தெருவிலிருந்து கிட் வாங்கி வந்த இரண்டாம் ஆண்டுப் பெண் ஒருத்தி தாளைப் படித்துவிட்டு, "என்னண்ணா, ஒரு வரியும் புரியலை. இதுக்குக் கோனார் நோட்ஸ் எதுவும் கிடையாதா?" என்று கேட்டாள். கிடையாதுதான். அதனால் நானே எழுதுகிறேன்.

மூலத்துக்குப் போகுமுன் கிட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இது எஃப்450 வகை. ஒரு மோட்டாரின் நடுவிலிருந்து குறுக்கே எதிர் மோட்டாரின் நடுவரை 450 மில்லிமீட்டர். பெயரில் உள்ள எண் அதுதான். பிரித்துக் கொட்டினால் இரண்டு நடுத்தட்டு, நான்கு கை, ஒரு பொட்டலம் திருகு. சீனாவின் ஷென்ஜென் நகரத்து டிஜேஐ நிறுவனம் கொண்டுவந்த வடிவம்; நம் கைக்கு வருபவை அநேகமாக அதன் நகல்கள். சீன மொழியில் இதற்குக் 'காற்றுத் தீச் சக்கரம்' என்று பெயர். நெஜா என்கிற பிள்ளைத் தெய்வம் காலில் மாட்டிக்கொண்டு பறக்கும் சக்கரங்கள் அவை. அதே நிறுவனம் விற்ற கட்டுப்பாட்டுப் பெட்டியின் பெயர் 'நாசா'. அமெரிக்காக்காரர்களின் நாசா அல்ல, இந்த நெஜாவேதான். நெஜா என்ற பெயரே நளகூபரன் என்பதன் சீனத் திரிபு என்று சமய வரலாற்று அறிஞர்கள் சொல்கிறார்கள். நளகூபரன் குபேரனின் மகன். குபேரனோ புஷ்பக விமானத்தை ராவணனிடம் பறிகொடுத்தவன். ஆக, பறக்கும் சாமான் அந்தக் குடும்பத்துக்குப் புதிதல்ல.

இனி மூலமும் உரையும்.

1. எடைக்கு இரட்டை தூக்கு.

கட்டப்போகும் ட்ரோன் எவ்வளவு எடையோ, அதைப்போல் இரண்டு மடங்கு தூக்கும் வலு நான்கு மோட்டார்களுக்கும் சேர்த்து இருக்கவேண்டும் என்றவாறு. 'தூக்கு' என்ற சொல்லை எழுதியவர் தெரிந்துதான் போட்டாரா என்று தெரியவில்லை, ஆனால் அழகாக விழுந்திருக்கிறது. நிறுப்பதும் தூக்கு, உயர்த்துவதும் தூக்கு. முதலில் தராசில் வை, பிறகு வானில் ஏற்று என்று இரண்டையும் அந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது.

கணக்குப் பார்ப்போம். ஃப்ரேம் 282 கிராம். மோட்டார் நான்கும் சேர்ந்து 200. மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி நான்கும் 100. பாட்டரி 180, 190. கட்டுப்பாட்டுப் பெட்டி, ஜிபிஎஸ், ரிசீவர், இறக்கை, நிற்கும் கால்கள், கம்பி, வெல்க்ரோ எல்லாம் போட்டால் ஒரு கிலோவைத் தாண்டி 1100 கிராமை நெருங்கும். ஏ2212 மோட்டாரில் 1045 இறக்கை போட்டு, மூன்று செல் பாட்டரியில் முழு வேகத்தில் ஓட்டினால், ஒன்றுக்கு 800 கிராம் சொச்சம் தூக்கும் என்பது விற்பவர்கள் தரும் அளவு. நான்குக்கு 3200. அதில் கால் பங்கைக் கழித்துவிட்டாலும் இரட்டைக்கு மேல் நிற்கிறது.

'இரட்டை' என்றது எதற்கு, 1100 கிராமுக்கு 1200 கிராம் தூக்கினால் ஏறாதா எனின், ஏறும். ஆனால் காற்று ஒரு பக்கம் தள்ளும்போது அந்தப் பக்கத்து மோட்டார் இன்னும் கொஞ்சம் வேகம் எடுத்தால்தான் ட்ரோன் நிமிரும். ஏற்கெனவே முக்கிக்கொண்டிருக்கும் மோட்டாருக்குக் கொடுக்க ஏது மிச்சம்? அதனால்தான் ரிமோட்டின் குச்சியைப் பாதி ஏற்றும்போதே மிதக்கவேண்டும் என்பார்கள்.

இங்கே ஒரு சொற்பொருள். மோட்டாரின் மேல் '1000 கேவி' என்று போட்டிருப்பதைப் பார்த்து ஈஈஈ பிள்ளைகள் ஆயிரம் கிலோவோல்ட்டா என்று மிரள்வதுண்டு. இது வேறு. ஒரு வோல்ட் கொடுத்தால் சுமையில்லாமல் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதே இந்தக் கேவி. 1045 என்பதில் முதல் இரண்டு எண் இறக்கையின் நீளம், 10 அங்குலம். அடுத்த இரண்டு 4.5 அங்குலம்: மரத்தில் திருகு இறங்குவதுபோலக் காற்றில் இறங்கினால் ஒரு சுற்றுக்கு எவ்வளவு முன்னேறும் என்ற கணக்கு.

2. சிவப்பு முன், வெள்ளை பின்.

கிட்டில் இரண்டு கை சிவப்பு, இரண்டு கை வெள்ளை. சிவப்பு இரண்டையும் முன்னால் பூட்டு என்றவாறு. மாற்றிப் பூட்டினாலும் பறக்கும். ஆனால் நாற்பது மீட்டர் தள்ளிப் போனபிறகு நான்கு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் சாமானுக்கு முகம் எது, முதுகு எது என்று கண் தேடும். முகம் நம் பக்கம் திரும்பியிருந்தால் குச்சியை இடது பக்கம் தள்ள, அது நமக்கு வலது பக்கம் போகும். நிறம் அதற்குத்தான்.

3. ஈயம் ஓடவேண்டும், உட்காரக் கூடாது.

தாளிலேயே எனக்கு மிகப் பிடித்த வரி. இந்த கிட்டில் கீழ்த்தட்டு வெறும் பலகை இல்லை. உள்ளே தாமிரப் பட்டை ஓடுகிறது. பாட்டரியின் மின்சாரம் அந்தத் தட்டின் வழியாகத்தான் நான்கு ஈஎஸ்சிக்கும் பிரிகிறது. ஒரு கைக்கு பிளஸ், மைனஸ் என்று இரண்டு, பாட்டரிக்கு இரண்டு, ஆக மொத்தம் பத்து இடத்தில் பற்றவைக்கவேண்டும்.

ரேடியோ ரிப்பேருக்கு வைத்திருக்கும் 25 வாட் சால்டரிங் அயனை எடுத்துக்கொண்டு உட்காருவார்கள். நுனி சூடாகத்தான் இருக்கும். ஆனால் தட்டில் வைத்த மாத்திரத்தில் அகலமான தாமிரம் சூட்டை உறிஞ்சிவிடும். ஈயம் நுனியில் மட்டும் உருகி, தட்டின்மேல் ஒரு மணிபோல விழுந்து அப்படியே உறையும். இதைத்தான் 'உட்காருதல்' என்கிறது மூலம். பார்த்தால் ஒட்டியிருப்பதுபோலத் தெரியும், நகத்தால் நெம்பினால் பெயர்ந்து வரும். அதிர்வில் பெயர்ந்தால் வானத்தில் வைத்து ஒரு மோட்டார் நிற்கும். நான்கு மோட்டார் ட்ரோனில் ஒன்று நின்றால் மீதி மூன்றை வைத்து இந்தப் பெட்டி சமாளிக்காது, கவிழ்ந்துதான் வரும்.

ஓடவைப்பது எப்படி? 60 வாட் அயன். நுனி சப்பையாக, ஸ்க்ரூ டிரைவர் வாய் போல இருக்கவேண்டும். 63க்கு 37 ஈயக்கம்பி 183 டிகிரியில் உருகும், அயனை 350க்கு மேல் வைக்கலாம். முதலில் தட்டில் மட்டும் ஈயம் பூசு. அடுத்து, தோல் உரித்த கம்பி முனையில் பூசு. இரண்டும் தனித்தனியே பளபளத்தபிறகு கம்பியைத் தட்டில் வைத்து மேலே அயனை அழுத்து. இரண்டு, மூன்று நொடியில் மேல் ஈயமும் கீழ் ஈயமும் கலந்து, குழம்பு சோற்றுக்குள் இறங்குவதுபோலக் கம்பி இழைகளுக்குள் இறங்குவது கண்ணுக்குத் தெரியும். அயனை எடு. கம்பியை மட்டும் அசைக்காமல் பிடித்துக்கொள். ஊதாதே. ஊதுகிற பழக்கம் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை, எல்லாரும் ஊதுகிறார்கள். ஓரம் சரிந்து இறங்கி, நடுவில் மினுமினுத்தால் அது ஓடிய ஈயம்.

4. பீப் கேட்டால் பாட்டரி தொடாதே.

சிவப்பு மை. இது இடைச்செருகல் என்பதில் ஐயமில்லை. மேலே மூன்றாம் வரிக்கும் கீழே அடுத்ததற்கும் நடுவே நுழைத்து எழுதியிருக்கிறது. இடைச்செருகல் என்பதற்காகத் தள்ளவும் முடியாது. அலமாரிக்குள் ஆணியில் ஒரு பழைய நடுத்தட்டு தொங்குகிறது. பிளஸ் பட்டைக்கும் மைனஸ் பட்டைக்கும் நடுவே பத்து பைசா அகலத்துக்குக் கரிந்த ஓட்டை. இந்த வரி எங்கிருந்து வந்தது என்று அதைப் பார்த்தாலே தெரியும்.

பற்றவைத்து முடித்ததும் மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, பாட்டரி கம்பியின் சிவப்பிலும் கறுப்பிலும் முனையைத் தொடு. பீப் என்றால் பிளஸ்ஸும் மைனஸும் எங்கோ ஒட்டியிருக்கிறது. பாட்டரியை மாட்டாதே என்றவாறு.

இங்கே மூலம் சொல்லாமல் விட்ட நுட்பம் ஒன்று உண்டு. ஈஎஸ்சிக்குள் கெப்பாசிட்டர் இருக்கிறது. மீட்டரின் சின்ன மின்னோட்டத்தில் அது நிரம்பும்வரை மீட்டர் ஒரு கீச்சுக் கீச்சிவிட்டு அடங்கும். அது குற்றமில்லை. விடாமல் அலறுவதே குற்றம். எனவே 'பீப்' என்பதை 'அடங்காத பீப்' என்று விரித்துக் கொள்க.

மீட்டர் சரி என்றபிறகும் நான் நேரடியாகப் பாட்டரியை மாட்டவிடுவதில்லை. கார் இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றைப் பாட்டரிக்கும் ட்ரோனுக்கும் நடுவே ஒரு கம்பியில் தொடராக இணைத்து வைத்திருக்கிறோம். மாட்டும்போது பல்பு மினுக்கென்று மின்னி அணைந்தால் நல்லது. நின்று எரிந்தால் எங்கோ ஷார்ட். ஆனால் மின்சாரம் பல்பைத் தாண்டிப் பெருக்கெடுக்க முடியாததால் ஈஎஸ்சி பிழைத்தது. பல்பு விலைக்கு இதைவிட மலிவான காப்பீடு கிடையாது.

5. நீளத் திருகு மோட்டாரைக் கொல்லும்.

கிட்டில் இரண்டு வகைத் திருகு வரும். மோட்டாருக்கானது சற்றுப் பருமன். திருகு குறைந்துபோய், கையில் அகப்பட்ட நீளமான திருகைப் போட்டு முறுக்கினால் அது கையைத் துளைத்து, மோட்டார் அடியைத் தாண்டி, உள்ளே சுற்றியிருக்கும் தாமிரச் சுருளில் போய்க் குத்தும். எனாமல் பூச்சு கிழியும். மோட்டார் உடனே சாகாது. இரண்டு நிமிடம் ஓடிச் சூடாகிச் சாகும், கூடவே ஈஎஸ்சியையும் அழைத்துக்கொண்டு போகும். திருகைப் பூட்டியபின் டார்ச் அடித்து அடியில் எட்டிப் பார்ப்பதும், திருகுத் தலைக்கும் மோட்டார் கம்பிக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பார்ப்பதும் ஒரு நிமிட வேலை.

திருகு தளராமலிருக்க நீலப் பசை ஒரு சொட்டு விடலாம். உலோகமும் உலோகமும் சேரும் இடத்தில் மட்டும். சில பிளாஸ்டிக்குகளில் பட்டால் அது விரிசல் விடவைக்கும்.

6. எதிரெதிர் ஒரே சுற்று. அடுத்தடுத்து மாற்றுச் சுற்று.

மூலைக்கு மூலை எதிரே உள்ள இரண்டு மோட்டாரும் ஒரே திசையில் சுற்றவேண்டும். பக்கத்துப் பக்கத்து மோட்டார்கள் எதிர்த் திசையில் சுற்றவேண்டும் என்றவாறு.

காரணம், ஹெலிகாப்டருக்கு வாலில் ஏன் ஒரு குட்டி விசிறி என்ற கேள்வியில் இருக்கிறது. தலைக்கு மேலே விசிறி ஒரு பக்கம் சுற்றும்போது உடம்பு மறுபக்கம் சுற்றப் பார்க்கும். வால் விசிறி அதைத் தடுத்துப் பிடிக்கிறது. நம் ட்ரோனுக்கு வால் இல்லை. இரண்டு விசிறி வலமாகவும் இரண்டு இடமாகவும் சுற்றுவதால் ஒன்றின் முறுக்கை மற்றது அழிக்கிறது. ட்ரோனை நின்ற இடத்திலேயே திருப்பவேண்டுமா? ஒரு ஜோடியைக் கொஞ்சம் விரைவாக்கி மறு ஜோடியைக் கொஞ்சம் தணித்தால், அழிபடாத முறுக்கு மிஞ்சி உடம்பைத் திருப்பும். முன்னே போகப் பின் இரண்டையும் ஏற்றவேண்டும். சுக்கான், மடிப்பு இறக்கை எதுவுமில்லாமல் வேக வித்தியாசத்திலேயே எல்லாம் நடக்கிறது.

இனிப் பாடபேதம். எந்த மோட்டார் ஒன்று, எது இரண்டு என்பதில் இரண்டு பள்ளிகள். ஆர்டுபைலட் மென்பொருளில் முன் வலது 1, பின் இடது 2, முன் இடது 3, பின் வலது 4. பீட்டாஃப்ளைட்டில் பின் வலது 1, முன் வலது 2, பின் இடது 3, முன் இடது 4. நல்ல வேளையாக, சுற்றும் திசையில் இரு பள்ளிக்கும் பிணக்கில்லை: மாற்றி அமைக்காதவரை, இரண்டிலும் முன் வலதும் பின் இடதும் இடமாகச் சுற்றும், மற்ற இரண்டும் வலமாக. ஒரு பள்ளியின் படத்தைப் பார்த்துக் கம்பி செருகி, மறு பள்ளியின் மென்பொருளை ஏற்றினவர்கள் பாடு பரிதாபம். ட்ரோன் வலப்பக்கம் சாயும், வலது மோட்டாரை ஏற்றுகிறேன் என்று நினைத்துப் பெட்டி வேறெதையோ ஏற்றும், இன்னும் சாயும், இன்னும் ஏற்றும். தரையைவிட்டு ஒரு சாண் எழும்புவதற்குள் குப்புற விழுந்து நான்கு இறக்கையும் போய்விடும். பெட்டி கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். பெட்டி தனக்குச் சொன்னதைத்தான் செய்தது.

ஒரு மோட்டார் தப்பான திசையில் சுற்றினால் அதன் மூன்று கம்பியில் ஏதேனும் இரண்டைக் கழற்றி மாற்றிச் செருகு. கிணற்று மோட்டார் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ஃபேஸ் மாறிப்போய் பம்பு தலைகீழாகச் சுற்றித் தண்ணீர் வராமல் நின்றதையும், இரண்டு கம்பியை மாற்றிப் போட்டதும் கொட்டியதையும் அவர்கள் பார்த்தவர்கள். மூன்று முனை மின்சாரத்தின் அதே சூட்சுமம்தான் இந்த விரலளவு மோட்டாரிலும். திசை பார்க்க இறக்கை வேண்டாம்: மோட்டார் தண்டில் மாஸ்கிங் டேப்பை ஒரு கொடி போல ஒட்டிவிட்டு மெதுவாகச் சுற்றவிட்டால் கண்ணுக்கே தெரியும்.

7. அம்பு முன்னே, பெட்டி நடுவே, அடியில் பஞ்சு.

பெட்டி என்றது கட்டுப்பாட்டுப் பெட்டியை. நாங்கள் வைத்திருப்பது பிக்ஸ்ஹாக் வகை. சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மாணவர் லோரென்ஸ் மையர் தொடங்கிய திட்டத்தில் பிறந்த பெயர் அது.

நான்கு விசிறியால் பறக்கும் யோசனை ஒன்றும் நேற்றையது இல்லை. 1907இல் பிரான்ஸின் தூவே ஊரில் லூயி பிரெகே நான்கு விசிறி எந்திரம் ஒன்றை ஆளோடு தரையைவிட்டுக் கிளப்பினார். ஆனால் நான்கு கைக்கும் ஆள் நின்று அதைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தப் பிடித்துக்கொள்ளும் ஆட்களின் வேலையைத்தான் இப்போது இந்தப் பெட்டி செய்கிறது. எவ்வளவு வேகத்தில் சாய்கிறோம், கீழ் எந்தப் பக்கம் என்று இதற்குள்ளிருக்கும் அரிசியளவு உணரிகள் நொடிக்குப் பல நூறு முறை சொல்லிக்கொண்டே இருக்க, பெட்டி ஒவ்வொரு முறையும் நான்கு மோட்டாருக்கும் புதுக் கணக்குக் கொடுக்கிறது. கைபேசிகளுக்காக இந்த உணரிகள் கோடிக்கணக்கில் உற்பத்தியாகி விலை விழுந்ததால்தான் ஒரு மாணவரின் கைக்காசுக்குள் ட்ரோன் வந்தது.

'அம்பு முன்னே': பெட்டியின் மேலுள்ள அம்பு சிவப்புக் கைகளின் நடுவைக் காட்டவேண்டும். 'அடியில் பஞ்சு': மோட்டார் அதிர்வு நேரே உணரிக்குப் போனால், அது அதிர்வையே அசைவென்று நம்பிவிடும். ஆர்டுபைலட்டின் பதிவில் அதிர்வு 30க்குள் இருந்தால் கவலையில்லை, 60ஐத் தாண்டினால் உயரம் பிடித்து நிற்பதே தடுமாறும். பஞ்சு போடுவதற்கு முன் அதிர்வின் ஊற்றைப் பார்ப்பது புத்தி. கோணிய மோட்டார் தண்டும் எடை ஒவ்வாத இறக்கையுமே பாதிக் காரணம். இறக்கையைக் கிடையாகத் தாங்கிப் பிடித்தால் எந்தப் பக்கம் தாழ்கிறதோ அது கனம். மற்ற பக்கம் துளி செலோடேப் ஒட்டினால் சமனாகும்.

திசைகாட்டியைப் பற்றி மூலத்தில் ஒரு சொல் இல்லை. இது குறைதான். பாட்டரி கம்பியில் ஓடும் மின்னோட்டமே ஒரு காந்தம். ஜிபிஎஸ்ஸோடு சேர்ந்த திசைகாட்டியைத் தட்டோடு ஒட்டி வைத்தால் வடக்கு எது என்று குழம்பி, ட்ரோன் நிற்கச் சொன்ன இடத்தில் நிற்காமல் வட்டமடிக்கத் தொடங்கும். அதை ஒரு சாண் உயரக் கம்பத்தில் ஏற்று.

8. செல்லுக்கு மூன்றரை, அதன் கீழ் வானம் இல்லை.

லித்தியம் பாலிமர் செல் நிறைந்தால் 4.2 வோல்ட். பறக்கும்போது ஏதேனும் ஒரு செல் 3.5ஐத் தொட்டால் இறங்கு, 3.0க்குக் கீழே போனால் செல் கெடும் என்றவாறு. மூன்று செல் கொண்ட 2200 மில்லியாம்பியர் பாட்டரியில் நம் ட்ரோன் மிதக்க 13, 14 ஆம்பியர் இழுக்கும். ஐந்தில் நான்கு பங்கைத்தான் செலவழிக்கலாம் என்று வைத்தால் 7, 8 நிமிடம். "அவ்வளவுதானா?" என்று கேட்காத பிள்ளை கிடையாது. குரோம்பேட்டை எம்ஐடியில் மணிக்கணக்கில் பறக்கவிட்டார்களே என்பார்கள். அங்கே தக்‌ஷா குழுவினர் அதற்குக் கட்டியது பெட்ரோல் எஞ்சினும் மின்சாரமும் கலந்தது, கணக்கே வேறு.

நான் கட்டிய முதல் ட்ரோனில் பாட்டரியின் வெள்ளைச் செருகியில் மாட்டும் அலாரம் வாங்கவில்லை. இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரு சுற்று என்று ஓட்டி, பக்கத்து வீட்டு முருங்கைமரத்தில் இறக்கினேன். எடுத்துப் பார்த்தபோது பாட்டரி பொரித்த அப்பளம்போல உப்பியிருந்தது. உப்பிய பாட்டரியை மறுபடி சார்ஜ் போடாதே, குப்பைத் தொட்டியிலும் போடாதே. சார்ஜ் ஏறும்போது அறையைவிட்டுப் போகாதே. பக்கத்தில் துணி, தாள் வேண்டாம். நாலைந்து நாள் பறக்கப்போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8க்குக் கொண்டுவந்து வை.

9. வானம் பொது, கேட்டுவிட்டுப் பற.

கேட்பது யாரை என்று மூலம் சொல்லவில்லை. இந்தியாவில் 2021 ஆகஸ்ட் 25இல் வந்த ட்ரோன் விதிகளைக் கேட்கவேண்டும். 250 கிராம் வரை நானோ; அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. நம்முடையது மைக்ரோ. வணிகத்துக்கு இல்லாத மைக்ரோ ட்ரோனுக்கு ஓட்டுநர் உரிமம் தேவையில்லை. ஆனால் உரிமம் வேண்டாம் என்றால் எங்கும் பறக்கலாம் என்று ஆகாது. வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்திருக்கிறார்கள். பச்சையில் 400 அடி வரை. விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் 200 அடி வரைதான் பச்சை. சென்னைப் பிள்ளைகள் மொட்டை மாடிக்குப் போகுமுன் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் தங்கள் தெருவைத் தேடிப் பார்ப்பது நல்லது. ட்ரோனுக்குப் பதிவெண் உண்டா, விலக்கு உண்டா என்பதையும் அன்றைய விதியில் பார்த்துக்கொள்ளவேண்டும்.

2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை வந்தது. முழு ட்ரோனுக்கும், பிரித்துப் பெட்டியில் போட்டு வரும் முழு ட்ரோனுக்கும் அது பொருந்தும். உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை. மோட்டாரும் ஈஎஸ்சியும் இன்றும் ரிச்சி தெருவில் கூடையில் கிடப்பது அதனால்தான்.

இந்த வரியை ஏன் இறக்கைக்கு முன்னே வைத்தார்கள் என்பது கேள்வி. வைப்புமுறையில் ஒரு காரணம் இருப்பதாகவே நினைக்கிறேன். இறக்கை மாட்டிய பிறகு யாரும் விதி படிப்பதில்லை.

10. இறக்கை கடைசி, கழற்றுவதில் முதல்.

பின்பாதி பென்சிலில் சேர்த்தது. ஒரு திருத்தம் வேண்டும்: பறந்து இறங்கியதும் முதலில் கழற்றவேண்டியது பாட்டரி. மேசையில் வைத்து எந்த வேலை தொடங்குமுன்னும் முதலில் கழற்றவேண்டியது இறக்கை. பென்சில்காரர் பின்னதைச் சொன்னார் என்று கொள்க.

இதுவரை வந்த ஒன்பது வரியிலும் இறக்கை ஒருமுறைகூட மாட்டப்படவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். மோட்டார் திசை, ரிமோட், ஈஎஸ்சி, திசைகாட்டி எல்லாம் மொட்டை மோட்டாரிலேயே பார்த்து முடியும். 10 அங்குல இறக்கை நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றினால் அதன் நுனி மணிக்கு 280 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. என் இடது கையில் முழங்கைக்குக் கீழே மூன்று கோடு இருக்கிறது. ரிமோட்டில் குச்சி தலைகீழாக அமைந்திருந்தது எனக்குத் தெரியாது. பாட்டரியைச் செருகியதும் மேசையிலிருந்து எழும்பிவிட்டது. அன்று இறக்கை இல்லாமலிருந்தால் நான்கு மோட்டார் வெறுமனே ஊளையிட்டிருக்கும்.

மாட்டும் முறை: வெறும் 1045 என்று இருப்பது இடமாகச் சுற்றும் மோட்டாருக்கு. 1045ஆர் என்று இருப்பது வலமாகச் சுற்றுவதற்கு. எழுத்துள்ள முகம் மேலே. கவிழ்த்து மாட்டினாலும் சுற்றும், கொஞ்சம் தூக்கவும் செய்யும், அதுதான் ஏமாற்றுவது. நட்டை ஸ்பேனரால் இறுக்கிவிட்டு, இறக்கையைக் கையால் திருப்பிப் பார்: மோட்டாரோடு சேர்ந்து திரும்பவேண்டும்.

11. ஒரு முழம் ஏற்று, இறக்கு, தொட்டுப் பார்.

முதல் பறப்புக்கான வரி. இதில் எனக்கு உடன்பாடு பாதிதான். ஒரு முழ உயரத்தில் இறக்கை தள்ளும் காற்று தரையில் மோதித் திரும்பி ட்ரோனையே உருட்டப் பார்க்கும். நல்ல ட்ரோனும் அங்கே குடிகாரன்போலத் தள்ளாடும். அதைப் பார்த்துப் பயந்து குச்சியைக் கண்டபடி ஆட்டுவார்கள். இடுப்பளவு ஏற்று. காற்றில்லாத காலை நேரம், புல்தரை, பத்தடி தள்ளி நீ, உனக்குப் பின்னால் மற்றவர்கள். முப்பது நொடி மிதக்கவிட்டு இறக்கு. பாட்டரியைக் கழற்று.

'தொட்டுப் பார்' என்றது மோட்டாரை. நான்கின்மேலும் வரிசையாக இரண்டு விரலை வைத்துப் பார்க்கவேண்டும். நான்கும் ஒரே வெதுவெதுப்பாக இருந்தால் மறுபடி பாட்டரியை மாட்டலாம். ஒன்று மட்டும் விரல் வைக்கமுடியாமல் சுட்டால் அந்த மோட்டார் கோணலாகப் பூட்டியிருக்கும், அல்லது ஐந்தாம் வரி மீறப்பட்டிருக்கும். அன்றைக்கு அத்தோடு விட்டுவிட்டு, இறக்கையைக் கழற்றி, திருகு நீளத்தை அளந்து பாருங்கள்.